நீர் விளையாட்டும் முறையும்

நீருக்கு இரு குணங்கள் உண்டு. வேண்டி நின்று இரு கையும் ஏந்துங்கால் அது தாகந் தீர்க்கும், வெம்மை தணிக்கும், களைப்பை மாற்றும். வேண்டாத வேளையிற் பிறர் நம்மேற் கொட்டினாலோ அதே நீர் திடுக்கிடச் செய்யும், சினமூட்டும், சில வேளை உயிருக்கே ஊறு விளைக்கும். நீர் ஒன்றே, அதனைப் பெறுவோனுடைய இசைவு ஒன்றே இரண்டையும் வேறுபடுத்துவது. இச்சிறு உண்மையைப் பற்றி இவ்வாண்டு மலரில் நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு.

நம் மாணாக்கருட் சிலர் கல்வி முடித்துத் தொழில் நிமித்தம், சயாம் என்று முன்னோர் அழைத்த தாய்லாந்து தேசத்துக்குச் செல்கின்றனர். அவருள் ஒருவர் பங்குனி மாதத்தில் நம்மிடம் விடைபெற வந்தார். வந்தவர், "ஐயா, அந்நாட்டில் சித்திரை பிறக்கும் நாளில் தெருவில் நடப்பவர் மீதெல்லாம் நீரை வாரி இறைப்பார்களாம். அவ்விடத்தில் எவ்வாறு நடந்துகொள்வது?" என்று வினவினார். வினா சிறியது. ஆயினும் அதற்கு விடை தேடியபோது, பாங்காக்கு நகரத்துக்குப் போகுமுன் நாம் குடியிருக்கும் கும்மிடிப்பூண்டியையே சுற்றிப் பார்க்க வேண்டியதாயிற்று.

நீர் விளையாட்டு நம்மவர்க்குப் புதிதன்று. வையையிற் புதுப்புனல் பெருகிய காலத்து மதுரை மாந்தர் திரண்டு சென்று ஆடிய ஆட்டத்தைப் பரிபாடலின் வையைப் பாடல்கள் விரித்துரைக்கின்றன. காவிரிக் கரையில் கழார் என்னும் துறையிலே நிகழ்ந்த புனல் விழாவைப் பரணர் அகநானூற்றிற் குறித்துள்ளார். அவ்விழாவிலே ஆடல் வல்லவனாகிய ஆட்டனத்தியைக் காவிரி ஈர்த்துச் சென்றது. அவன் மனையாள் ஆதிமந்தி, கண்டீரோ கண்டீரோவென்று எதிர்ப்பட்டாரை வினவிக் கரை நெடுக அழுது திரிந்தாள். அவளைக் கரிகாலன் மகளெனச் சிலப்பதிகாரம் கூறும். மன்னன் மகளாயினும் வெள்ளம் விலகவில்லை. விழாவின் களிப்பைப் பாடிய புலவர் விழாவில் நேர்ந்த இழப்பையும் மறையாது பாடி வைத்தனர். களிப்புள்ள இடத்திற் காவலும் வேண்டும் என்பதற்கு இதனினும் பழைய சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இனி, மஞ்சள் நீராட்டைக் கருதுவோம். நம் ஊர்களில் அம்மன் திருவிழா முடியும் நாளில் குடத்தில் மஞ்சளைக் கரைத்து ஒருவர்மேல் ஒருவர் ஊற்றி மகிழ்வது வழக்கம். தூரத்திலிருந்து காண்பார்க்கு அது கட்டற்ற கூத்தாகத் தோன்றும். அருகிலிருந்து நோக்கினால் அதனுள் ஓர் ஒழுங்கு இருப்பது புலனாகும். யார் மேலும் யாரும் ஊற்றிவிடுதல் இல்லை. அத்தை மகன்மேல் மாமன் மகள் ஊற்றலாம். கொழுந்தன்மேல் அண்ணி ஊற்றலாம். மைத்துனர் இருவர் ஒருவரையொருவர் தெருமுனை வரையில் துரத்தலாம். அண்ணனுக்கும் தங்கைக்கும் அவ்விளையாட்டு இல்லை. முறையுள்ளவர்க்கே அவ்வுரிமை.

இம் முறை என்னும் சொல் எண்ணத்தக்கது. உறவைக் குறிப்பதும் அச்சொல்லே. ஒழுங்கைக் குறிப்பதும் அச்சொல்லே. நீதியைக் குறிப்பதும் அச்சொல்லே. மஞ்சள் நீர் ஊற்றும் பெண்ணுக்கு இம்மூன்று பொருளும் ஒன்றாய் நிற்கின்றன. இன்னாரிடம் இவ்வளவு விளையாடலாம் என்பது அவள் பிறந்த நாள்தொட்டே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆதலின் அவள் கேட்டு ஊற்ற வேண்டுவதில்லை. அவளுக்காக ஊரும் உறவும் முன்னமே கேட்டு வைத்துள்ளன. ஆனால் ஊற்றுவோனும் நனைவோனும் ஒருவரையொருவர் அறியாத இடத்தில் முறை எங்கிருந்து வரும்? அங்கேதான் நம் மாணாக்கர் கேட்ட வினா தொடங்குகிறது.

தாய்லாந்தின் புத்தாண்டுப் பண்டிகைக்குச் சொங்க்ரான் என்று பெயர். சங்கிராந்தி என்னும் வடசொல்லே அவ்வாறு திரிந்தது. கதிரவன் மேட ராசியிற் புகுவதைக் கொண்டாடும் அப்பண்டிகை ஏப்ரல் 13 முதல் 15 வரையில் நிகழ்வது. நம் சித்திரை முதல் நாளும் அதனுள் அடங்குகிறது. பர்மாவில் திங்யான் என்றும், லாவோஸ், கம்போடியா நாடுகளில் வேறு பெயர்களாலும் இவ்விழா நடைபெறும். 1960-களில் பர்மாவை விட்டுத் திரும்பி வட சென்னையிற் குடியேறிய நம் தமிழ்க் குடும்பத்தார்க்கும் இது அறிந்த விழாவே. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தாய்லாந்தின் சொங்க்ரானை யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது.

இப்பண்டிகையின் வேர் தெருவில் இல்லை, வீட்டில் உள்ளது. மல்லிகை முதலிய மலரிட்டு மணமூட்டிய நீரை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, இளையோர் முதியோர் முன் மண்டியிடுவர். முதியவர் இரு கைகளையும் நீட்டுவார். நீட்டிய கையில் நீரை மெல்லப் பெய்து, ஆண்டு முழுதும் செய்த குறைகளைப் பொறுக்குமாறு வேண்டுவர்; முதியவர் வாழ்த்துவார். புத்தர் திருவுருவத்திற்கும் அவ்வாறே நீராட்டு நிகழும். ஊற்றும் முன்னே கை நீட்டப்படுகிறது என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். நீட்டாத கையில் ஒருவரும் நீரை ஊற்றுவதில்லை.

வீட்டில் தொடங்கிய அந்நீர் நாளடைவில் தெருவுக்கு வந்து பெருவெள்ளமாயிற்று. பாங்காக்கு நகரத்தின் சீலோம் வீதி இந்நாளில் நீர் விளையாட்டுக்குப் பேர்பெற்ற இடங்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழர் எழுப்பிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் அவ்வீதியிலேயே உள்ளது. ஆதலால் நம் நாட்டு இளைஞர் அங்குச் செல்லுங்கால் அயலிடத்தில் நிற்பதாக எண்ண வேண்டுவதில்லை. ஆனால் விருந்தினராக நிற்கிறோம் என்பதை மறத்தலும் ஆகாது. அந்நாட்டார் தமக்குள் வகுத்துக்கொண்ட வரம்புகள் சில. துறவிகள்மேல் நீரெறிதல் தகாது. முதியோரையும் கைக்குழந்தைகளையும் தவிர்க்க வேண்டும். அழுக்கு நீரும் பனிக்கட்டி நீரும் ஆகா. விசை மிகுந்த பீச்சாங்குழலைப் பல இடங்களில் அதிகாரிகள் தடுத்துள்ளனர். பண்டிகைக்கெனக் குறித்த தெருவில், குறித்த காலத்தில், தானும் கையிற் பீச்சாங்குழலேந்தி நிற்போன் நனைய இசைந்தவனே. அத்தெருவைத் தாண்டிப் பணிக்குச் செல்லும் உடையோடு ஒருவர் நடப்பாராயின், அவர் இசையாதவர் என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்வரம்புகள் அனைத்தும் இருந்தும் அங்கே துன்பம் இல்லாமல் இல்லை. பண்டிகையைச் சூழ்ந்த ஏழு நாள்களை அந்நாட்டார் அபாயமான ஏழு நாள்கள் என்றே பெயரிட்டு, சாலை விபத்துக்களை நாள்தோறும் எண்ணி வெளியிடுகின்றனர். 2022 முதல் 2025 வரை ஒவ்வோராண்டும் அவ்வேழு நாள்களில் 200-க்கு மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். மாண்டாருட் பெரும்பாலோர் இருசக்கர வண்டியிற் சென்றவர். மிகு வேகமும் மதுவுமே தலையாய காரணங்கள். ஆட்டனத்தியை ஆறு கொண்டது. இவர்களைச் சாலை கொண்டது.

மற்றொரு துன்பம் எண்ணிக்கையில் அடங்காதது. நீர் விளையாட்டென்னும் போர்வையிற் பெண்களைத் தகாத முறையிற் தொடும் கயமை அங்கும் உண்டு. 2018-ஆம் ஆண்டில் அதிகாரிகள், பெண்கள் அடக்கமாக உடுத்தி வருக என்று அறிவுரை கூறினர். அந்நாட்டு நடிகையும் விளம்பர அழகியுமாகிய சிண்டி சிரின்யா பிஷப் என்பவர், தம் இளமையில் அப்பண்டிகையிலே தமக்கு நேர்ந்த கொடுமையை எடுத்துரைத்து, உடையைப் பற்றிப் பெண்களுக்கு உபதேசிப்பதை விடுத்துக் கையை அடக்குமாறு ஆடவர்க்கு உபதேசியுங்கள் என்னும் கருத்தை நாடறியச் செய்தார். நம் தேசத்திலும் 2023 மார்ச்சில், தில்லியில் ஹோலியன்று ஜப்பானிய நங்கை ஒருவரை இளைஞர் சிலர் வளைத்துத் துன்புறுத்திய காட்சி உலகெங்கும் பரவியது. வருந்தாதீர், இது ஹோலி என்று கூறும் வழக்கொன்று வடநாட்டில் உண்டு. நண்பருக்குள் அஃது இனிய சொல்லே. ஆயினும் அச்சொல் செயலுக்குப் பின் வருவது. இசைவோ செயலுக்கு முன் வரவேண்டுவது.

இனி நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையை அடுத்து, கல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் இவ்வூர் பல தேசத்தார் கூடிய சந்தி ஆயிற்று. தமிழும் தெலுங்கும் இங்கே முன்னமே கலந்து வாழ்ந்தன. இலங்கையிலிருந்து வந்த நம் சகோதரர் வாழும் முகாமும் இவ்விடத்தில் உண்டு. இரும்பாலைகளிலும் பிற ஆலைகளிலும் உழைக்க ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், வங்காளம் முதலிய நாடுகளிலிருந்து இளைஞர் வந்துள்ளனர். ஓர் அறையில் பலர் கூடித் தங்கி, பகலும் இரவும் மாறி மாறி வேலை செய்யும் அவர்களுக்குப் பால்குனப் பௌர்ணமியில் வரும் ஹோலி ஒன்றே தம் ஊரைக் கண்ணெதிரே கொணரும் நாள். அன்று சிப்காட் பக்கத்துச் சந்துகளில் வண்ணப்பொடியும் நீரும் பறக்கும்.

இங்கே மஞ்சள் நீராட்டின் முறை செல்லாது. பீகாரத்து இளைஞனுக்கு நம் தெருவில் அத்தையும் இல்லை, மைத்துனனும் இல்லை. ஒருவர்மேல் ஒருவர் நீர் ஊற்ற எவ்வுரிமையும் பிறப்பால் வரவில்லை. ஒரே ஹோலி நாளில் நாம் கண்ட இரண்டு நிகழ்ச்சிகள், இத்தகைய ஊரில் முறை எவ்வாறு உண்டாகும், எவ்வாறு கெடும் என்பதை நமக்குக் காட்டின.

முதல் நிகழ்ச்சி நெடுஞ்சாலையில் நேர்ந்தது. கணவனும் மனைவியும் நடுவில் ஒரு குழந்தையுமாக இருசக்கர வண்டியில் வந்தனர். சாலையோரம் நின்ற சிறுவன் ஒருவன் நீர் நிறைத்த பிளாஸ்டிக் பையை வண்டியோட்டியின் முகத்தை நோக்கி எறிந்தான். வண்டி தடுமாறிற்று. பின்னே இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. தெய்வாதீனமாக வண்டி சாலையின் வெளிப்புறத்து மண்ணிற் சாய்ந்தது; குழந்தையின் முழங்கை மட்டும் சிராய்ந்தது. நாமும் ஓடிச்சென்று தூக்கிவிட்டோரில் ஒருவராயினோம். அதற்குள் தேநீர்க்கடையில் நின்றோர், "இந்த வடநாட்டான்கள் வந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று உரக்கப் பேசலாயினர். எறிந்தவனோ வடநாட்டான் அல்லன். நம் தெருவிற் பிறந்த பிள்ளை. அவனே நடுநடுங்கி முன்வந்து, "நான்தான் சார் போட்டேன்" என்று அழுதான். அப்பிள்ளை உண்மை கூறாதிருந்தால் அன்று யார்மேற் பழி விழுந்திருக்கும், அப்பழி எத்தனை அறைகளின் கதவைத் தட்டியிருக்கும் என்று எண்ணுகையில் நம் உள்ளம் இன்றும் கலங்குகிறது.

இக்கலக்கம் வீணானதன்று. 2023 மார்ச்சின் தொடக்கத்தில், ஹோலிக்குச் சில நாள் முன்னே, தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் கைப்பேசிகளிற் பரவின. அவை பொய்யென நம் மாநிலக் காவல்துறை அறிவித்தது. பீகார் அரசும் ஒரு குழுவை அனுப்பி நேரில் ஆராய்ந்தது. எனினும் அந்நாள்களில் அஞ்சி ஊருக்குப் புறப்பட்டவர் பலர். ஒருவரையொருவர் அறியாத இரு கூட்டத்தாரிடையே நம்பிக்கை என்பது மெல்லிய ஓடு போன்றது. பண்டிகை நாளில் எறியும் ஒரு பை நீர் அதனை உடைக்கவும் கூடும்.

இரண்டாவது நிகழ்ச்சி அன்று மாலை இரயில் நிலையத்து வாயிலில் நிகழ்ந்தது. அங்கே கூடையிற் கொய்யா விற்கும் மூதாட்டி ஒருத்தி உண்டு. முகமெல்லாம் செம்பொடி அப்பிய ஒடிசா இளைஞர் நால்வர் அவ்வழியே வந்தனர். அவருள் ஒருவன் அவளிடம் நாள்தோறும் பழம் வாங்குபவன் போலும். அவன் அருகே வந்து குந்தி, வண்ணத்தட்டைக் காட்டி, ஒரு விரலை மாத்திரம் உயர்த்தி, "ஆயா, கொஞ்சம்?" என்றான். அவனறிந்த தமிழ் அவ்வளவே. கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பழத்து மேல கொட்டாதடா, கண்ணு. தோ, இங்க வை" என்று தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். அவன் தன் விரலாற் பொட்டளவு வைத்து, குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் ஒரு கொய்யாவை எடுத்து அவன் கையில் வைத்தாள், காசு வாங்கவில்லை. நாம் ஏறவேண்டிய வண்டி வந்துவிட்டது. வழி முழுதும் அக்காட்சியே நம் நெஞ்சில் நின்றது.

சயாமிய முதியவர் கை நீட்டினார். நம் கிழவி கன்னத்தைக் காட்டினாள். உறவு தராத முறையை ஒரு கேள்வி தந்தது. "கொஞ்சம்?" என்னும் அவ்வொரு சொல்லால் அவ்விளைஞன் அவளுக்குப் பேரனாயினான். அவன் எத்தனை தொட்டி நீரைக் கவிழ்த்தாலும் அவ்வுறவு கிடைத்திராது.

இவ்வூரின் இரும்பாலைகளில் வேலை செய்வோர் நீரைப் பற்றி மற்றொன்றும் அறிவர். உருகிய இரும்பின் அடியில் ஈரம் அகப்பட்டால் அது நொடியில் ஆவியாகும். நீர் ஆவியாகுங்கால் ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். வெளியேற வழியின்றி விரிவதால் உருகிய இரும்பைச் சிதறடிக்கும். ஆதலால் உலையிலிடும் பழைய இரும்பில் ஈரமில்லாதபடி காப்பது அவர்தம் முதற் பாடம். அதே ஆலையில் உலையைச் சுற்றிய குழாய்களில் ஓடி அதனைக் குளிர்விப்பதும் நீரே. ஓடவேண்டிய குழாயில் ஓடுங்கால் காக்கிறது. ஆகாத இடத்தில் வீழுங்கால் அழிக்கிறது. வேலைக்குச் செல்லும் தோழனை வழிமறித்து நனைப்பவன், ஈரக்கையோடு மின்விசையைத் தொடவும் ஈர உடையோடு உலையருகே நிற்கவும் அவனை அனுப்புகிறான் என்பதை உணர்தல் வேண்டும்.

ஆகவே பாங்காக்குச் செல்வோர்க்கும் கும்மிடிப்பூண்டியில் வாழ்வோர்க்கும் நாம் கூறத்தக்கது ஒன்றேயாம். ஊற்றுமுன் முகத்தைப் பார்க்க. முகம் மலர்ந்து கை நீண்டால் ஊற்றுக. முகம் சுருங்கினால் வணங்கி விலகுக. ஓடும் வண்டியின்மேல் எக்காரணம் பற்றியும் நீர் எறியற்க. தாமே வண்டியோட்டின் தலைக்கவசம் அணிக. மது அருந்தியவன் ஓட்டும் வண்டியில் ஏறற்க. குடிக்கத்தகும் தூய நீரையே கையாளுக. கால்வாய் நீர் கண்ணோய்க்கு வித்தாகும். வண்ணப்பொடியிற் சில ஆலைச் சாயங்களாதலின் கண்ணிலும் வாயிலும் படாமற் காக்க. கைப்பேசியையும் கடவுச்சீட்டையும் நீர் புகாத உறையில் இடுக. பெண்டிரைத் தொடற்க, தொடுவானைக் கண்டால் வாளாவிராது தடுக்க. நம்மேல் நீர் பட்டால், அஃது அன்பினால் வந்ததாயின், முறுவலித்து ஏற்றுக்கொள்க; வெறுப்பினால் வந்ததாயின், அவ்விடம் விட்டு அகலுக; கை ஓங்கற்க.

நம் கலாசாலையிற் பயின்ற எவர்க்கும் பெரிய வியாழனன்று வாசிக்கப்படும் சரித்திரம் தெரியும். இயேசுநாதர் பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீஷர்களின் கால்களைக் கழுவத் தொடங்கினார். பேதுருவின் முறை வந்தபோது அவர் இணங்கவில்லை. தம் காலை ஒருபோதும் கழுவவிடேன் என்று மறுத்தார். ஆண்டவராயிருந்தும் இயேசுநாதர் அம்மறுப்பை மீறி நீரை ஊற்றினார் என்று சுவிசேஷம் கூறவில்லை. அவர் நின்றார், பேசினார், பேதுரு தாமே இசையும்வரை பொறுத்தார். இசைந்த பின்னரோ பேதுரு, காலோடு நில்லாமல் கையையும் தலையையும் கழுவுமாறு வேண்டினார். உலகத்தை உண்டாக்கிய கையே ஒரு செம்படவனுடைய இசைவுக்காகக் காத்திருந்ததென்று நம்புவோர், அயலான்மேல் ஒரு குவளை நீர் ஊற்றுமுன் கணநேரம் காத்திருத்தல் அரிதாகுமோ?

பங்குனியும் சித்திரையும் ஆண்டுதோறும் வரும். ஆலைகள் பெருகப் பெருக, அயலூரார் நம்மிடையே வருவதும் நம் பிள்ளைகள் அயல்நாடு செல்வதும் பெருகிக்கொண்டே போகும். பிறப்பால் வரும் முறை குறுகிய எல்லையுடையது. கேட்டுப் பெறும் முறைக்கு எல்லை இல்லை. அதனைக் கற்பதற்குப் பல மொழி வேண்டா. ஒரு சொல்லும் ஒரு விரலும் போதும்.